ஏர்பேக் கிளப்பும் வெண்புகை

தூண்டப்பட்ட ஏர்பேக் முழுதாக உப்பச் சுமார் 30 மில்லி விநாடி போதும். இமை மூட அதைவிட அதிக நேரமாகும். ஆகவே பை முகத்தில் அறையும்போது பலருக்குக் கண் திறந்தேதான் இருக்கும்.

அந்த வேகத்தைத் தருவது ஸ்டீயரிங்குக்குள் நடக்கும் ஒரு சிறு வெடிப்பு. முந்தைய தலைமுறை ஏர்பேக்குகளில் அதற்குச் சோடியம் அசைடு இருந்தது. சுமார் 300 டிகிரி செல்சியஸில் அது சிதைந்து நைட்ரஜனைக் கக்கும். நைட்ரஜனால் தொல்லை இல்லை. மிஞ்சும் சோடியம்தான் வில்லன். அதை அடக்கப் பொட்டாசியம் நைட்ரேட்டும் சிலிக்காவும் சேர்த்தார்கள். பெரும்பகுதி கண்ணாடி போன்ற சிலிகேட்டாக அடங்கிவிடும். அடங்காத கொஞ்சம், சோடியம் ஹைட்ராக்சைடு, கார்பனேட் ஆகிய காரங்களாக மாறி, பையிலுள்ள துளைகள் வழியே புகையோடு வெளியேறும். பை கிழிந்தால் இன்னும் அதிகமாக வரும்.

காருக்குள் படியும் வெள்ளைப் பொடியில் பெரும்பகுதி, பை ஒட்டிக்கொள்ளாமலிருக்கத் தூவிய டால்க் அல்லது சோளமாவு. சாதுவான பொடிதான். ஆனால் அதைப் பார்த்து ‘வெறும் தூசி’ என்று கண்ணைக் கசக்கிவிட்டு இருந்துவிடுகிறார்கள். விலா எலும்பையும் நெற்றிக் காயத்தையும் கவனிக்கும் அவசரத்தில் மருத்துவரும் கண்ணில் புகுந்த காரத்தைத் தவறவிடக்கூடும்.

அமிலம் பட்டால் கண்ணின் புரதம் உறைந்து, அதுவே ஓரளவு தடுப்பாகிவிடும். காரம் அப்படியல்ல. செல்சவ்வின் கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைத்தபடி உள்ளே இறங்கிக்கொண்டே போகும். வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் தெறித்த குழந்தைகளிடம் நம் கண் மருத்துவர்கள் பார்ப்பதும் இதே சேதம்தான். கருவிழியின் விளிம்பில் உள்ள ஆதாரச் செல்கள் அழிந்துவிட்டால், கருவிழி தெளிவை இழந்து வெளுத்துவிடும்.

1990களிலிருந்து அசைடுக்குப் பதிலாகக் குவானிடின் நைட்ரேட் போன்றவை வந்துவிட்டன. இந்தியாவில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். இங்கே ஓடும் புதிய கார்களில் அசைடு இருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும், எரியும் கண்ணோடு இருப்பவர் காரின் வயதை விசாரிக்க வேண்டாம். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் எடுத்துவிட்டு, கையில் கிடைக்கும் சுத்தமான தண்ணீரால் உடனே கழுவ வேண்டும். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சைச் சாறு ஊற்றுவது கூடவே கூடாது. மருத்துவமனையில் அரை மணி நேரமாவது கழுவுவார்கள்; இமையைப் புரட்டி ஒளிந்திருக்கும் துகளையும் எடுப்பார்கள். பிறகு லிட்மஸ் தாள் வைத்துப் பார்த்து, சில நிமிடம் விட்டு மறுபடியும் பார்ப்பார்கள். திசுவில் ஊறிய காரம் மெல்லக் கசிந்து வெளிவரும் என்பதால் அந்த இரண்டாவது சோதனை.