சராசரி குறைந்தால் குற்றமா?

500 கிராம் என்று அச்சிட்ட தேயிலைப் பாக்கெட்டைப் பிரித்துத் தராசில் கொட்டினால் 497 காட்டுகிறது. ஏமாற்று வேலையா? அவசரப்பட வேண்டாம். நிரப்பும் இயந்திரம் எவ்வளவு ஒழுங்காக ஓடினாலும் ஒரு பாக்கெட்டில் கொஞ்சம் கூடும், அடுத்ததில் குறையும். இந்தியாவின் 2011-ஆம் ஆண்டு விதிகள், 500 கிராம் பாக்கெட்டில் 15 கிராம் வரை குறைவைப் பொறுத்துக்கொள்கின்றன. ஆனால் மொத்தச் சரக்கின் சராசரி அச்சிட்ட எடைக்குக் கீழே போகக் கூடாது.

சிக்கல் அங்கேதான். பிரித்த பாக்கெட்டை விற்க முடியாது. எல்லாவற்றையும் பிரித்து நிறுத்தால் ஆலையை மூட வேண்டியதுதான். ஆகவே, சிலவற்றை மட்டும் எடுக்கிறார்கள்.

கணக்குக்காக 10 பாக்கெட் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 498.6 கிராம், எடைகளின் சிதறலைக் காட்டும் திட்டவிலக்கம் 2.4 கிராம். 'சரக்கின் உண்மைச் சராசரி 500' என்பது சோதிக்க வேண்டிய கருதுகோள். உண்மைச் சராசரி இருக்கக்கூடிய எல்லைகளைத் தரும் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியைக் கணக்கிட்டால் 496.9 முதல் 500.3 வரை வருகிறது. 500 அதற்குள் இருப்பதால் ஆலையைக் குற்றம்சாட்ட வழியில்லை. அதே சராசரியும் விலக்கமும் 40 பாக்கெட்டில் கிடைத்திருந்தால்? இடைவெளி 497.8 முதல் 499.4 வரை சுருங்கிவிடும். 500 வெளியே நிற்கிறது. சரக்கு உண்மையில் 500 கிராம் சராசரியில் இருந்தால், இவ்வளவு விலகல் தற்செயலாக வர ஆயிரத்தில் ஒரு பங்கு வாய்ப்புகூட இல்லை. முதல் சோதனையில் தப்பிய ஆலை நிரபராதி என்று நிரூபணமாகவில்லை; சான்று போதவில்லை, அவ்வளவே. மாதிரியைச் சிறிதாக வைத்து 'குறை காணப்படவில்லை' என்று எழுதிவிடுவது எவ்வளவு சுலபம் என்பதையும் இங்கே கவனிக்கலாம்.

சிறு மாதிரிகளுக்கு இந்தக் கணக்கைத் தந்தவர் டப்ளின் நகர கின்னஸ் மதுவடிப்பாலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட். பார்லி சோதனைகளில் அவருக்குக் கிடைத்தவை கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவீடுகளே. பழைய சூத்திரங்களோ பெரிய மாதிரிகளை எதிர்பார்த்தன. 1908-இல் 'பயோமெட்ரிகா' இதழில் தீர்வை வெளியிட்டார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத நிறுவனம் விடாததால் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயர்.

ஆலைக்காரர்களுக்குச் சராசரியைவிடப் பெரிய தலைவலி விலக்கம். எடை அதிகமாக ஊசலாடினால், பாதுகாப்புக்காக இயந்திரத்தை 502 கிராமுக்குத் திருப்பி வைப்பார்கள். நாளுக்கு ஒரு லட்சம் பாக்கெட் நிரப்பும் இடத்தில் அந்த 2 கிராம், 200 கிலோ இலவசத் தேயிலை.