மலைக்கும் கேமராவுக்கும் நடுவே இருக்கும் காற்று

கச்சிராயபாளையத்தைத் தாண்டி கோமுகி அணைக்கரையில் நின்று பார்த்தால் கல்வராயன் மலை அடுக்கடுக்காகத் தெரியும். அதையே செல்போனில் எடுத்துப் பாருங்கள்: முன்னால் இருக்கும் வயல் பளிச்சென்று விழுந்திருக்கும், பின்னால் இருக்கும் மலை வெளிறிய நீலப்பட்டையாகிப் போயிருக்கும். வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் போய் வருகிறவர்கள் பகிரும் எத்தனையோ படங்களில் இந்தக் குறையைப் பார்க்கலாம். எடிட்டிங் செயலியில் ‘டீஹேஸ்’ (மூட்டம் நீக்கு) என்ற ஸ்லைடரை வலப்பக்கம் இழுத்தால், மங்கிக் கிடந்த சரிவில் மரங்கள் மறுபடி முளைக்கின்றன. பார்ப்பதற்கு மாயம்போல இருந்தாலும் அது சுத்தமான கணக்கு. அந்தக் கணக்கு தெரிந்தவருக்கு ஸ்லைடரை எங்கே நிறுத்துவது என்பதும் தெரியும்.

மலைச்சரிவிலிருந்து கிளம்பும் ஒளி நம் கேமராவுக்கு முழுசாக வந்து சேர்வதில்லை. வழியிலுள்ள காற்று மூலக்கூறுகளும் தூசியும் புகையும் ஈரத்துளிகளும் அதில் ஒரு பங்கைச் சிதறடித்துவிடுகின்றன. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. வெயில் அதே துகள்களின் மேல் பட்டுத் தெறித்து லென்ஸுக்குள் நுழைகிறது. மலையிலிருந்து வராத இந்த உபரி வெளிச்சத்தைக் காற்றொளி எனலாம். தூரம் கூடக்கூட மலையின் ஒளி குறையும், காற்றொளி ஏறும். 1924இல் ஜெர்மானிய வானிலை அறிஞர் ஹரால்ட் கோஷ்மீடர் இதற்குச் சமன்பாடு எழுதினார். அதன்படி, 20 கிலோமீட்டர் வரை பார்வை எட்டும் ஒரு நாளில், 10 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலைமுகட்டின் ஒளியில் ஏழில் ஒரு பங்குதான் நமக்குக் கிடைக்கும். மீதி வழியிலேயே போய்விடும், அந்த இடத்தைக் காற்றொளி நிரப்பிவிடும்.

மூட்டத்திலும் வகை உண்டு. பகல் வெயிலில் மலை நீலமாகத் தெரிவதற்குக் காரணம் மிகச் சிறிய துகள்களும் காற்று மூலக்கூறுகளும். சிவப்பு ஒளியைவிட நீல ஒளியை அவை நாலு மடங்குக்கு மேல் சிதறடிக்கும். மார்கழிப் பனியில் இருப்பவை அப்படியல்ல, ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்துளிகள். அவை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சிதறடிப்பதால் மலை வெள்ளையாக மூடிக்கொள்கிறது. நீல மூட்டத்தைப் படத்திலிருந்து ஓரளவு கழித்துவிடலாம். அடர்ந்த பனியைக் கழிக்க வழியில்லை, ஏனென்றால் அதற்குப் பின்னாலிருந்து எதுவும் வந்து சேரவே இல்லை.

கழிப்பதற்கு முதலில் காற்றொளி எவ்வளவு என்று தெரியவேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்ரீ நயாரும் ஸ்ரீநிவாச நரசிம்மனும் 1999இல், கெட்ட வானிலையில் கணினிக்குப் பார்வை எப்படி அமையும் என்று ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவற்றில் ஒன்று. 2009இல் கைமிங் ஹே, ஜியான் சுன், சியாவோ டாங் ஆகிய மூவர் வியக்கவைக்கும் எளிமையோடு ஒரு வழி சொன்னார்கள். மூட்டமில்லாத வெளிப்புறப் படத்தில் வானத்தைத் தவிர எந்தச் சிறு பகுதியை எடுத்தாலும், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதாவது ஒன்று எங்காவது பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என்பது அவர்கள் கண்டது. கடுக்காய் மரத்து இலையில் சிவப்பும் நீலமும் குறைவு. செம்மண் பாதையில் நீலம் குறைவு. பாறை இடுக்கின் நிழலில் மூன்றுமே குறைவு. அப்படி இருக்கவேண்டிய இடத்தில் மூன்று நிறமும் உயர்ந்து நின்றால், அந்த உயர்வு காற்று கொண்டுவந்து போட்டது. அதைக் கழித்து, மிஞ்சியதை இழப்புக்கு ஏற்றபடி பெருக்கினால் மலை திரும்பக் கிடைக்கும்.

இந்த முறை தடுக்கி விழும் இடம் கல்வராயனிலேயே இருக்கிறது. மேகம் அருவியை எடுத்துக்கொள்ளுங்கள். நுரைத்து விழும் தண்ணீரில் மூன்று நிறமும் உச்சத்தில் இருக்கின்றன. கணக்குக்கு அது அடர்ந்த மூட்டமாகத் தெரிகிறது. உடனே அருவியையும் ‘சுத்தம்’ செய்யப் போய், வெண்ணுரையைச் சாம்பல் படிந்த நீலமாக்கிவிடுகிறது. சுண்ணாம்பு அடித்த கோயில் சுவரும் வெள்ளை வேட்டியும் இதே பாடுதான் படும். ஆகவே அருவிப் படத்தில் ஸ்லைடரை மொத்தமாக இழுக்காமல், பின்னால் இருக்கும் மலையை மட்டும் தேர்ந்தெடுத்து அங்கே இழுப்பதே சரி.

பெருக்குவதற்கும் விலை உண்டு. ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். பக்கத்தில் நின்று எடுத்தால் 140 படிகளில் விரியும் மலைச்சரிவு, மூட்டத்துக்குள் 20 படிகளில் ஒடுங்கிவிடும் என்று வைத்துக்கொள்வோம். அதை ஏழு மடங்கு நீட்டினால் பழைய அகலம் வந்துவிடும், ஆனால் படிகள் அதே இருபதுதான். இடையே வெற்றிடம். மெல்ல மாறவேண்டிய பச்சை, பட்டை பட்டையாகப் பிரிகிறது. சென்சாரின் இரைச்சலும் கூடவே ஏழு மடங்காகிப் புள்ளி புள்ளியாகப் பூக்கிறது. படத்தை 100 சதவீதம் பெரிதாக்கி மலைமுகட்டைப் பார்த்தால் இந்தச் சேதம் அப்படியே தெரியும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ‘ரா’ கோப்பில் 16,384 படிகள் இருப்பதால் இழுத்தாலும் தாங்கும். இப்போது பல போன்களிலேயே ‘ரா’ வசதி இருக்கிறது. மலைக்குப் போகும்போது அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் நல்லது, மூட்டத்தை எடுக்கும்போதே குறைப்பது. காற்றொளி ஓரளவு முனைவாக்கம் அடைந்தது, அதாவது அதன் அலைகள் ஓரளவு ஒரே தளத்தில் அதிர்பவை. சூரியனுக்குச் செங்குத்தான திசையில் அது அதிகம். போலரைசர் வடிகட்டியைச் சுழற்றினாலே ஒரு பங்கு வெட்டுப்பட்டுவிடும். நயாரும் நரசிம்மனும் யோவ் ஷெக்னருடன் சேர்ந்து 2001இல், வடிகட்டியை இரண்டு கோணத்தில் வைத்து எடுத்த இரு படங்களை ஒப்பிட்டே மூட்டத்தை நீக்கிக் காட்டினார்கள். வடிகட்டி இல்லாதவர் மழை ஓய்ந்த மறுநாள் காலைக்குக் காத்திருக்கலாம். தூசியை மழை கழுவியிருக்கும்.

இவையெல்லாம் ஒளி விட்டுச்சென்ற தடத்தை வெளியே எடுக்கும் வேலைகள். இதே செயலிகள் வேறொரு வேலையும் செய்கின்றன, அதை நான் எதிர்க்கிறேன். வெளிறிப்போன வானத்துக்குப் பதில் எங்கோ எடுத்த மேகத்தை ஒட்டுவது, மலைவாழ் பெண்ணின் கருத்த முகத்தைக் கேட்காமலேயே வெளுத்துவிடுவது. ஸ்டூடியோவில் நெகட்டிவின்மேல் பென்சிலால் டச்சிங் செய்த காலத்திலிருந்தே முகத்தை வெளுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. உச்சிவெயிலில் நிழல் விழுந்த முகத்தின் இருட்டைக் கொஞ்சம் உயர்த்தினால், அங்கே பதிவான கண்ணும் சிரிப்பும் வெளிவரும். அது அந்த முகத்துக்குச் செய்யும் நியாயம். தோலின் நிறத்தையே மாற்றுவது அந்த மனிதரை அழிப்பது. இரண்டையும் ‘எடிட்டிங்’ என்ற ஒரே பையில் போடக்கூடாது.

கழித்து எறியும் மூட்டத்துக்கும் ஒரு பயன் இருக்கிறது. எந்த முகடு எவ்வளவு மங்கியிருக்கிறதோ அது அவ்வளவு தள்ளியிருக்கிறது. வெவ்வேறு வானிலையில் எடுத்த இரு படங்களிலிருந்து காட்சியின் ஆழத்தைக் கணக்கிடலாம் என்றும் நரசிம்மனும் நயாரும் காட்டினார்கள். முகட்டின் தூரம் தெரிந்திருந்தால் கணக்கைத் திருப்பிப் போட்டுக் காற்றையே அளக்கலாம். கள்ளக்குறிச்சியில் மலை தெரியும் மாடியுள்ள எந்தப் பள்ளியும் இதைச் செய்ய முடியும்: ஒரே இடம், ஒரே நேரம், ஒரே முகடு, தினம் ஒரு படம். மலைக்கும் வானத்துக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தைக் குறித்துவந்தால், கரும்புத் தோகை எரியும் நாளும் மழை கழுவிய நாளும் எண்களாகவே தெரியும். போன் தானாகவே படத்தை மெருகேற்றும் வசதிகளை அணைத்துவிட்டு, வெளிச்ச அளவை ஒரே நிலையில் பூட்டி, ‘ரா’வில் எடுக்கவேண்டும். அந்தப் படங்களில் மட்டும் எந்த ஸ்லைடரையும் தொடாதீர்கள்.