விருந்தாளி ஏன் எழவில்லை?

நம் சங்க மலரின் பழைய பிரதிகள் இருந்த அலமாரியைக் கரையான் அரித்துவிட்டது அன்பர்கள் அறிந்ததே. நல்லவேளையாக, 1997 முதல் 2003 வரையிலான இதழ்களின் கணிப்பொறிக் கோப்புகள் என்னிடம் இருந்தன. காலஞ்சென்ற மூத்த உறுப்பினர் ஒருவர் கரமனை அக்கிரகார வாழ்க்கையைப் பற்றி எழுதிய தொடர் அவற்றில்தான் இருக்கிறது. அவருடைய மகள் ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, "அப்பாவின் நூற்றாண்டு வருகிறது மாமா. அந்தக் கட்டுரைகளைச் சிறு புத்தகமாகப் போட வேண்டும். எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டார். "அதற்கென்ன, தாராளமாக" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அதன்பின் நான் பட்ட பாடு மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

அந்த நாளில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியீட்டு முறையில் இருந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தும் முயற்சிகள் நடந்தன. பின்னர் யூனிகோடு பரவியது. தமிழக அரசும் 2010இல் அதை ஏற்றது. நாம் அச்சுக்கோத்ததோ பேஜ்மேக்கரில், ஒரு பழைய எழுத்துருவில். அந்த இரண்டும் இருந்தால்தான் கோப்பு தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் கோழி கிளறியது போல் வெறும் குறிகள்.

இதற்காகவே என் புதிய கணிப்பொறிக்குள் ஒரு பழைய கணிப்பொறியைக் குடிவைத்திருந்தேன். மெய்நிகர் கணிப்பொறி என்பது இதுதான். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒரு மென்பொருள், நம் கணிப்பொறியின் நினைவகத்திலும் வட்டிலும் ஒரு பங்கைப் பிரித்து, அதைத் தனிக் கணிப்பொறி போலக் காட்டும். வெளியே இருப்பதை வீட்டுக்காரர் என்றும், உள்ளே ஓடுவதை விருந்தாளி என்றும் சொல்லலாம். விருந்தாளியின் வட்டு என்பது உண்மையில் வீட்டுக்காரரின் வட்டில் உள்ள ஒரு பெரிய கோப்புதான். ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே பெரிய கணிப்பொறிகளில் செய்துகாட்டிய வித்தை இது. 2005, 2006இல் இன்டெல், ஏஎம்டி நிறுவனங்கள் இதற்கான வசதியைச் சில்லிலேயே சேர்த்த பிறகு வீட்டுக் கணிப்பொறியிலும் நன்றாக ஓடுகிறது. என் வீட்டு விருந்தாளி விண்டோஸ் எக்ஸ்பி.

துலாவருஷ இடியைத் திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பிற்பகல் விருந்தாளி ஓடிக்கொண்டிருக்கும்போதே பளீரென்று ஒரு மின்னல், கரண்ட் போய்விட்டது. மறுநாள் கணிப்பொறியே எழவில்லை. பழுது பார்க்க வந்தவர் தாய்ப்பலகையிலுள்ள காசு போன்ற சிறு பேட்டரியை மாற்றியதும் எழுந்தது. ஆனால் விருந்தாளி எழவில்லை. ஏதோ ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நின்றது. நான் அதைப் படிக்காமலே அமைப்புகளுக்குள் புகுந்து கண்டதையெல்லாம் மாற்றிப் பார்த்தேன். நான் செய்த பெரிய தவறு அதுதான்.

டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் என் தம்பி மகனைக் கூப்பிட்டேன். "பெரியப்பா, முதல்ல எதையும் தொடாதீங்க. அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு காப்பி எடுத்து வெளி வட்டில் வைங்க. அப்புறம் என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றான். அவன் சொன்ன முறையை அப்படியே தருகிறேன்.

முதலில், கோளாறு வீட்டிலா விருந்தாளியிடமா என்று பாருங்கள். விருந்தாளியின் திரையே வராமல் செய்தி வந்தால் கோளாறு பெரும்பாலும் வீட்டில். திரை வந்து, விண்டோஸ் எழத் தொடங்கி, பாதியில் நின்றால் விருந்தாளியிடமோ அதற்கு நாம் கொடுத்த அமைப்பிலோ கோளாறு.

வீட்டுக் கோளாறுகளில் முதன்மையானது, சில்லின் மெய்நிகர் வசதி அணைந்திருப்பது. பயாஸ் அமைப்பில் இன்டெல் கணிப்பொறியானால் விடி என்றும், ஏஎம்டியானால் எஸ்விஎம் என்றும் இருக்கும். எனக்கு நேர்ந்தது இதுவே. பேட்டரி தீர்ந்தபோது பயாஸ் தன் பழைய அமைப்பை மறந்துவிட்டது. கணிப்பொறி தேதியைத் தப்பாகக் காட்டியபோதே நான் ஊகித்திருக்க வேண்டும்! பழைய பதிப்புகளில் சில விருந்தாளிகள் இந்த வசதி இல்லாமலும் ஓடும். 2019இல் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 6.1 முதல் இது கட்டாயம். இன்றைய விண்டோஸில் ஹைப்பர்-வி இந்த வசதியைத் தனக்கென எடுத்துக்கொண்டிருந்தாலும் விருந்தாளி எழ மறுக்கலாம், அல்லது ஆமையாக நகரலாம். விர்ச்சுவல்பாக்ஸ் அப்போது சாளரத்தின் அடியில் ஓர் ஆமைப் படத்தையே காட்டும்.

அடுத்தது இடம். வீட்டுக்காரருக்கு 4 ஜிபி நினைவகம் இருக்க, விருந்தாளிக்கு 3 ஜிபி எழுதி வைத்தால் இருவருக்கும் பட்டினிதான். எக்ஸ்பிக்கு 512 எம்பி போதும். வீட்டு வட்டு நிறைந்துவிட்டாலும் விருந்தாளி நின்றுவிடும். இடம் பிடிக்க வேண்டுமென்று ஸ்னாப்ஷாட் கோப்புகளைக் கையால் அழித்துவிடாதீர்கள். அவை சங்கிலி போன்றவை. ஒரு கண்ணி போனால் அதற்குப் பிந்தையதெல்லாம் போகும்.

மூன்றாவது, பாதியில் உறங்கவைத்த நிலை. விருந்தாளியை முறையாக மூடாமல் நிலையைச் சேமித்து வைத்திருந்து, பின்னர் மென்பொருளைப் புதுப்பித்தால் சில சமயம் திரும்ப எழாது. அந்தச் சேமித்த நிலையைத் துறந்துவிட்டு எழுப்பலாம். சேமிக்காமல் திறந்து வைத்திருந்த வேலை மட்டும் போகும். வட்டிலுள்ள கோப்புகள் போகா.

பயாஸில் வசதியை முடுக்கியதும் என் விருந்தாளி எழுந்தது. ஆனால் உடனே நீலத்திரை! எண்ணின் கடைசியில் 7பி. "வட்டைக் காணோம்" என்று விண்டோஸ் சொல்லும் மொழி அது. அவசரத்தில் நான் வட்டின் இணைப்பை ஐடிஇ முறையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றியிருந்தேன். எக்ஸ்பிக்கு அந்த இணைப்பைப் புரிந்துகொள்ளும் நிரல் பிறவியிலேயே கிடையாது. மீண்டும் ஐடிஇ ஆக்கியதும் வட்டைச் சரிபார்த்துக்கொண்டு எழுந்து நின்றது. மின்னல் செய்த கோளாறு ஒன்று. நானே செய்துகொண்டது இன்னொன்று.

ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். மாற்றியதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். திரைச் செய்தி போதாவிட்டால் விருந்தாளியின் கோப்புறையில் லாக் என்ற குறிப்பேடு இருக்கும். அதைக் கடைசியிலிருந்து மேல்நோக்கிப் படித்தால் எங்கே தடுக்கியது என்று தெரியும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரலோடு முடிந்துவிட்டதால், இந்த விருந்தாளிக்கு இணையத் தொடர்பு கொடுக்காதீர்கள்.

தொடரின் பக்கங்கள் எல்லாம் கிடைத்தன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, பிழை திருத்தி அனுப்பிவிட்டேன். "அப்பா பேசுவது போலவே இருக்கிறது மாமா" என்றார் அந்தப் பெண். எத்தனை நாள்தான் ஒரு கிழட்டு விருந்தாளியைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருப்பது? மீதி இதழ்களையும் யூனிகோடுக்கு மாற்றத் தொடங்கியிருக்கிறேன். பிழை திருத்த இரண்டு மூன்று பேர் கைகொடுத்தால் வேலை சுருக்க முடியும். அன்பர்கள் முன்வர வேண்டுகிறேன்.