அட்டைகளும் ஆட்டமும்

மாணவர்களே! பள்ளி இடைவேளையில் உங்களுள் பலர் கையில் வண்ண அட்டைக் கட்டு ஒன்று இருப்பதைக் காணலாம். கிரிக்கெட் வீரர், மற்போர் வீரர், போக்கிமான் என அட்டைகள் பலவகை. இவற்றைச் சேர்ப்பதற்கும் மாற்றிக்கொள்வதற்கும் ஆடுவதற்கும் பின்னால் வரலாறும் உண்டு, கணிதமும் உண்டு. அவ்விரண்டையும் இப்பாடத்தில் அறிவோம்.

தீப்பெட்டிப் படத்திலிருந்து…

அட்டை சேர்க்கும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சிகரெட் பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே ஒரு தடித்த அட்டையை வைத்தனர். பின்னர் அதில் படம் அச்சிட்டனர். படத்தைச் சேர்க்கும் ஆசையால் விற்பனை பெருகியது.

தமிழ்நாட்டுச் சிறுவர்களுக்கு இவ்வாசையைத் தந்தது தீப்பெட்டி. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கொல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றனர். ஊர் திரும்பி 1923இல் தொழிற்சாலை தொடங்கினர். நாளடைவில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் எண்ணற்ற சிறு தொழிற்சாலைகள் எழுந்தன. ஒவ்வொன்றும் தனக்கென மயில், கப்பல், புலி, தாமரை என ஒரு படத்தை ஒட்டியது. பெரியவர்கள் எறிந்த வெற்றுப் பெட்டியிலிருந்து சிறுவர்கள் படத்தைக் கிழித்தெடுத்துச் சேர்த்தனர். எளிதில் கிடைக்கும் படத்திற்கு மதிப்புக் குறைவு. அரிதான படத்திற்கு மதிப்பு மிகுதி. சில ஊர்களில் வட்டம் கீறி, நடுவில் படங்களை அடுக்கி, தட்டைக் கல்லால் அடிப்பர். வட்டத்தைவிட்டு வெளியேறிய படங்கள் அடித்தவருக்கே சொந்தம். உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள், அவரும் ஆடியிருக்கக்கூடும்.

சேர்க்கும் அட்டையையே ஆடும் அட்டையாகவும் ஆக்கியவருள் முதன்மையானவர் ரிச்சர்ட் கார்பீல்டு. கணித அறிஞரான அவர் உருவாக்கிய ‘மேஜிக்’ என்னும் அட்டை ஆட்டம் 1993இல் வெளிவந்தது. 1996இல் ஜப்பானில் போக்கிமான் அட்டைகள் வந்தன.

வாங்குமுன் ஒரு கணக்கு

தீப்பெட்டிப் படத்திற்கும் இன்றைய அட்டைக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. தீப்பெட்டியின் படம் வெளியே தெரியும். அட்டைப் பொட்டலத்தின் உள்ளே இருப்பது தெரியாது. அந்த அறியாமையைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

ஒரு தொகுதியில் 20 வகை அட்டைகள் உள்ளன என்றும், எல்லா வகையும் சம அளவில் அச்சிடப்படுகின்றன என்றும், ஓர் அட்டையின் விலை 5 ரூபாய் என்றும் கொள்வோம். தொகுதி முழுவதையும் சேர்க்க 100 ரூபாய் போதும் என்று தோன்றும். உண்மை அதுவன்று. சேரச் சேர, கையில் உள்ள அட்டையே மீண்டும் மீண்டும் வரும். சராசரியாக 72 அட்டைகள் வாங்கினால்தான் 20 வகையும் நிறையும். அதாவது 360 ரூபாய். இதில் முதல் 15 வகை சேர ஏறத்தாழ 26 அட்டைகள் போதும். மிஞ்சிய 5 வகைக்கு மட்டும் 46 அட்டைகள் தேவை! கடைசி ஓர் அட்டைக்கு மட்டுமே சராசரியாக 20 அட்டைகள் வாங்க நேரும். சில வகைகளைக் குறைவாக அச்சிட்டால் செலவு இன்னும் ஏறும்.

“இத்தனை முறை வரவில்லை, அடுத்த முறை கட்டாயம் வரும்” என்று மனம் சொல்லும். பொட்டலத்திற்கு நினைவு கிடையாது. இருபதில் ஒன்று என்னும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் அப்படியே இருக்கும். கடைசி அட்டைக்காக 20 பொட்டலங்கள் பிரித்த நூறு பேரில் ஏறத்தாழ 36 பேருக்கு அது கிடைத்திராது. சூதாட்டத்தில் பெரியவர்கள் பொருளிழப்பதும் இதே நினைப்பால்தான்.

மாற்றிக்கொள்வோம்

இதற்கு நல்ல வழி நட்பே. உங்களிடம் இரட்டையாக உள்ளது நண்பரிடம் இல்லாததாக இருக்கலாம். நால்வர் கூடி மாற்றிக்கொண்டால் நால்வருக்கும் செலவு குறையும்.

மாற்றத்திலும் நெறி வேண்டும். அட்டையின் மதிப்பை அறியாத முதல் வகுப்புச் சிறுவனிடம் அரிய அட்டையைப் பெற்றுக்கொண்டு எளிய அட்டையைத் தருவது வாணிகமன்று, வஞ்சனை. அவனுக்கு மதிப்பை எடுத்துச் சொல்லிய பின் மாற்றுங்கள். தோற்றவர் அட்டையை வென்றவர் எடுத்துக்கொள்வதாயின், ஆட்டத்திற்கு முன்பே இருவரும் அதற்கு இசைய வேண்டும்.

கலைப்பது எப்படி?

ஆட்டம் நேர்மையாக அமைய, சீட்டு நன்கு கலைய வேண்டும். கட்டை இரண்டாகப் பிரித்து, இரு பாதியின் விளிம்புகளும் ஒன்றுக்குள் ஒன்று நுழையுமாறு கலைப்பது ஒரு முறை. இம்முறையில் 52 சீட்டுகள் கொண்ட கட்டு ஏறத்தாழ 7 முறை கலைத்தால் நன்கு கலையும் என்று டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்னும் கணித அறிஞர்கள் 1992இல் காட்டினர். மேலிருந்து சிறுசிறு கொத்தாக எடுத்துப் போடும் முறை மிக மெதுவாகவே கலைக்கும்.

விலையுயர்ந்த அட்டைகளை வளைத்துக் கலைத்தால் மூலை மழுங்கும். அவற்றைப் பாயில் கவிழ்த்துப் பரப்பி, இரு கைகளாலும் அளைந்து, மீண்டும் அடுக்குங்கள். கலைத்தவர் ஒருவர், வெட்டுபவர் மற்றொருவர் என்பது பழைய வழக்கம். ஐயத்திற்கு இடம் தராத வழக்கம். நம் தீவுகளில் ஆண்டின் பெரும்பகுதி மழையும் ஈரக்காற்றும் நிலவுவதால் தாள் எளிதில் வளைந்து பூஞ்சை பிடிக்கும். உலர்ந்த, மூடியுள்ள டப்பாவில் அட்டைகளைப் பாதுகாத்திடுங்கள்.

நாமே செய்வோம்

ட்ரம்ப் அட்டை ஆட்டத்தில் ஒருவர் ஓர் இயல்பைக் கூறுவார். அவ்வியல்பில் எவருடைய எண் பெரியதோ அவருக்கே எல்லா அட்டைகளும். இவ்வாட்டத்திற்கு அந்தமான் நிகோபார் உயிரினங்களைக் கொண்டே அட்டை செய்யலாம். நீளத்தில் உவர்நீர் முதலை வெல்லும். ஆழத்தில் மூழ்குவதில் ஆயிரம் மீட்டரையும் கடக்கும் பேராமை வெல்லும். மரமேறுவதில் தேங்காய் நண்டு வெல்லும். நம் ஒன்றியப் பகுதியின் விலங்கான கடற்பசுவுக்கும் ஓர் அட்டை வேண்டுமல்லவா?

எல்லா இயல்பிலும் வெல்லும் அட்டை ஒன்று இருந்தால் ஆட்டம் கெடும். ஒவ்வோர் அட்டையும் ஏதேனும் ஒன்றில் வெல்லுமாறு இயல்புகளைத் தேர்ந்தெடுங்கள். அட்டையின் பெயரைத் தமிழில் எழுதுங்கள். இத்தொகுதியில் கிடைக்காத அட்டை என்று ஒன்று இராது.

அருஞ்சொற்பொருள்

வஞ்சனை – ஏமாற்று
இசைதல் – உடன்படுதல்
அளைதல் – கையால் துழாவிக் கலத்தல்
பேராமை – கடலாமைகளுள் மிகப் பெரியது

பயிற்சி

1. தீப்பெட்டிப் படத்திற்கும் பொட்டல அட்டைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. “பொட்டலத்திற்கு நினைவு கிடையாது” – விளக்குக.
3. 1 முதல் 6 வரை எண்ணிட்ட சீட்டுகளைப் பையிலிட்டு, ஒன்றை எடுத்துக் குறித்து, மீண்டும் பையிலேயே இடுக. ஆறு எண்களும் வர எத்தனை முறை எடுக்க நேர்ந்தது? வகுப்பின் சராசரியைக் காண்க.
4. உங்கள் பெற்றோரோ தாத்தா பாட்டியோ சிறுவயதில் சேர்த்த பொருளைப் பற்றிக் கேட்டறிந்து பத்து வரிகள் எழுதுக.