நாய்களுக்கு உண்டாகும் இருதயப் புழு நோய்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் வசிப்போர்க்குக் கொசுவைப்பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. ஒருபுறம் பக்கிங்காம் கால்வாய், மறுபுறம் அடையாற்றின் தேங்கிய நீர்; முன்னாளில் ஏரியாயிருந்த நிலத்தில் எழுந்த தியாகராய நகருக்கோ மாம்பலம் கால்வாய். மாலையானதும் மனிதர் சாளரத்தைச் சாத்திவிடுகின்றனர். மாட்டிற்குக்கூடத் தொழுவத்தில் வேப்பிலை மூட்டம் போடுவதுண்டு. வாசலிற் கட்டிய நாயை நினைப்பார் மிகச் சிலரே.

நாய்க்குக் கொசுவினால் நேரும் கேடுகளில் இருதயப் புழு நோய் கொடியது. டைரோபைலேரியா இம்மிட்டிஸ் என்னும் இப்புழு யானைக்கால் நோய்ப் புழுவிற்கு உறவினது. இதன் நுண்ணிய குஞ்சுகள் நோயுற்ற நாயின் இரத்தத்தில் உலவும். கொசு அவ்விரத்தத்தைக் குடிக்குங்கால் அதன் உடலுட் புகுந்து, வெப்ப நாட்களில் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் முதிர்ந்து, அக்கொசு மற்றொரு நாயைக் கடிக்கும்போது அதனுட் செல்லும். ஆறேழு மாதங்களில் நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களிலும், முற்றிய நிலையில் இருதயத்தின் வலப்புறத்திலும் குடிகொள்ளும். பெண் புழு 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளமிருக்கும். 5 முதல் 7 ஆண்டுகள் வாழும். தொடக்கத்தில் நாய் நன்றாகவே காணப்படும். பின்னர் வறட்டிருமலும், சிறிது ஓடினாலும் களைப்பும், உடல் மெலிவும் தோன்றும்; இறுதியில் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். பூனைக்கும் இந்நோய் வருவதுண்டு.

குளிர் தேசங்களில் பனிக்காலத்தில் கொசுவினுள் குஞ்சு வளர்வது நின்றுவிடுகின்றது. சென்னையில் மார்கழியிலும் அத்தகைய குளிர் இல்லை.

இந்தியாவில் இந்நோய் மிகுதியாகக் காணப்பட்டிருப்பது அஸ்ஸாம், மிசோரம் முதலிய வடகிழக்கு மாநிலங்களிலாகும். தென்னாட்டில், சிறப்பாகக் கேரளத்தில், பெரிதும் காணப்படுவது டைரோபைலேரியா ரெப்பன்ஸ் என்னும் தோலடிப் புழு. இது நாயைப் பெரும்பாலும் கொல்வதில்லை. ஆயினும் கொசுவின் வழியே மனிதர் கண்ணிலும் புகுந்து, சஸ்திர சிகிச்சையால் எடுக்கப்பட்டதுண்டு. இரண்டின் குஞ்சுகளும் பூதக்கண்ணாடியில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றுமாதலின், குஞ்சு கண்டவுடனே இருதயப் புழு என்று முடிவு செய்தலாகாது. முதிர்ந்த பெண் புழுவைக் காட்டிக்கொடுக்கும் தனி இரத்தப் பரீட்சை உண்டு. வடகிழக்கிலிருந்து நாயுடன் மாற்றலாகி வருவோர் அதனைத் தவறாது செய்வித்தல் வேண்டும். வேறு ஊரிலிருந்து வாங்கிய வளர்ந்த நாய்க்கும் அவ்வாறே.

தடுப்பு மருந்து மாதமொரு முறை கொடுக்கப்படுவது. அது முந்திய மாதத்தில் புகுந்த இளங்குஞ்சுகளைக் கொல்லுமேயன்றி முதிர்ந்த புழுவைக் கொல்லாது. ஆகவே நாள் தவறலாகாது. மாட்டிற்குரிய ஐவர்மெக்டின் மருந்து வீட்டிலிருக்கிறதே என்று அதையே நாய்க்கும் கொடுக்க நினைப்பார் உளர். நாயின் தடுப்பளவு எடையில் கிலோவிற்கு 6 மைக்ரோகிராம். மாட்டின் அளவோ 200. கோலி இனத்து நாய்களிற் பல இம்மிகை அளவினால் மூளை பாதிக்கப்பட்டு இறக்கக்கூடும். மனிதருக்கு வழங்கும் யானைக்கால் மாத்திரையும் விளையாட்டன்று. இரத்தத்தில் குஞ்சுகளுள்ள நாய் அதனை உண்டால் அதிர்ச்சியுற்று விழக்கூடும்.

நோய் முற்றியபின் செய்யும் சிகிச்சை, பாஷாணம் சேர்ந்த ஊசியாகும். இறந்த புழு துண்டுகளாகி நுரையீரற் குழாயை அடைக்குமாதலின், பல வாரங்கள் நாயை ஓடவிடாமல் அடைத்து வைத்தல் வேண்டும். துள்ளி விளையாடும் நாயை அங்ஙனம் வைப்பது வளர்ப்பவருக்கே பெருந் தண்டனை.

வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ நாயைக் கொண்டு சென்று, முதலில் இரத்தத்தைப் பரீட்சித்து, அதன்பின்னரே மாத மருந்தைத் தொடங்குக. இரவில் நாயை வலையடித்த அறையிற் படுக்கவைத்து, அதன் தண்ணீர்ச் சட்டியை நாடோறும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுக.