7 உயிரைக் குடித்த "அபாயம் குறைந்த" அணை!

அமெரிக்காவைச் சேர்ந்த ஹவாய்த் தீவுகளில் ஒன்று கவாய். அங்கே "கா லோகோ" என்று ஓர் அணை. முழுக்க முழுக்க மண்ணால் ஆன அணை.

1890-ம் ஆண்டில், கரும்பு வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்ச இதைக் கட்டினார்கள். காலம் மாறியது. கரும்புச் சாகுபடி போய்விட்டது. அணை மட்டும் தனியார் கையில் இருந்தது.

சர்க்கார் ஏட்டில், "அபாயம் குறைந்த அணை" என்று இதை எழுதி வைத்திருந்தார்கள்.

விடியுமுன் வந்த வெள்ளம்

2006-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி. பல வாரங்களாகப் பெய்த மழை ஓயவில்லை. பொழுது விடியுமுன், கரை உடைந்தது!

சுமார் 40 கோடி காலன் தண்ணீர் ஓடையில் சீறிப் பாய்ந்தது. மரங்களை வேரோடு பிடுங்கியது. வீடுகளை வாரிச் சுருட்டியது. நெடுஞ்சாலையைக் கடந்து, கடலில் போய் விழுந்தது.

7 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் கர்ப்பிணி. ஒரு சின்னஞ்சிறு குழந்தையும் பலியாயிற்று.

மூன்று வகுப்பு

"அபாயம் குறைந்தது" என்றால், "உறுதியான அணை" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

அமெரிக்காவில் அணைகளை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார்கள். உடைந்தால் உயிர்ச்சேதம் ஏற்படும் என்றால், அது "அதிக அபாயம்". உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் பொருள் சேதம் பெரிது என்றால், "நடுத்தர அபாயம்". சொந்தக்காரரின் நிலத்தோடு நஷ்டம் நின்றுவிடும் என்றால், "குறைந்த அபாயம்".

அதாவது, கரையின் பலத்தை வகுப்பு சொல்வதில்லை. கரைக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறது!

காட்டுக்குள் இருக்கும் அணைக்குக் கீழே நாலு வீடு வந்துவிட்டால் போதும். அணையில் ஒரு கூடை மண் மாறாவிட்டாலும், அதன் வகுப்பு மாறியாக வேண்டும். கா லோகோவுக்குக் கீழே வீடுகள் இருந்தன. ஏட்டில் எழுத்து மாறவில்லை. சர்க்கார் என்ஜினீயர்கள் அந்த அணையைப் பரிசோதித்ததும் இல்லை.

கலிங்கல் எங்கே?

மண் அணைக்கு உயிர்நாடி, கலிங்கல். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் அதன் வழியாக வெளியேறும். அது அடைபட்டால், தண்ணீர் கரைக்கு மேலே வழியும். வழியும் தண்ணீர் மண்ணை அரிக்கும். சிறு வாய்க்கால் போல விழும் வெட்டு, சிறிது நேரத்தில் பெரும் உடைப்பாகிவிடும்.

கா லோகோவின் கலிங்கல் மண்ணால் தூர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்று 2007-ல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. அதே ஆண்டில், அணைப் பாதுகாப்புக்குப் புதிய சட்டம் கொண்டுவந்தது ஹவாய் சர்க்கார்.

அமெரிக்காவில் கணக்கெடுக்கப்பட்ட அணைகள் 90 ஆயிரத்துக்கு மேல். அவற்றில் பாதிக்கு மேல் தனியாருடையவை.

சொந்தக்காரர் செய்யவேண்டிய வேலை பெரிய வேலை அல்ல. கரையில் மரம் முளைக்க விடக்கூடாது. எலி வளைகளை அடைக்க வேண்டும். கசிவு தெரிந்தால் உடனே என்ஜினீயரை அழைக்க வேண்டும். கலிங்கலை எப்போதும் திறந்து வைத்திருக்க வேண்டும்.

கரைக்குக் கீழே குடியிருப்பவர்களின் உயிர், இந்தச் சின்ன வேலைகளில்தான் இருக்கிறது.