வனாமி இறால் மரபணு மாற்றியதா?

"ஏரி இறாலா, பண்ணை இறாலா?" பழவேற்காட்டில் கூடையை இறக்கி வைத்ததும் வாங்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பண்ணை இறால் என்றால் பலருக்கு முகம் மாறிவிடும். போன விடுமுறையில் மீன் விற்கும் என் பெரியம்மா என்னையே மடக்கினார். "அந்த வனாமி இறாலு ஜீனை மாத்தி வளக்குறதாமே? நீதான் படிக்கிறியே, சொல்லு கண்ணு!" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை நண்பர்களுக்கும் சொல்கிறேன்.

வனாமி நம் கடல் இறால் அல்ல. பசிபிக் பெருங்கடலின் அமெரிக்கக் கரையைச் சேர்ந்தது. 1990-களில் வெண்புள்ளி நோய் வந்து நம் வரி இறால் பண்ணைகள் நொடித்துப் போயின. 2009-இல் வனாமி வளர்க்க இந்தியாவில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால்களைச் சென்னை நீலாங்கரையில் தனியே வைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்த பிறகே குஞ்சு பொரிப்பகங்களுக்கு அனுப்புகிறார்கள்.

இதன் ஜீனை யாரும் வெட்டி ஒட்டவில்லை. வேகமாக வளர்ந்தவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து இனம் சேர்த்திருக்கிறார்கள். நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்து வைப்போமே, அது மாதிரிதான். 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய கிஃப்ட் திலேப்பியாவும் இப்படி உருவானதே. ஊசி போட்டு வளர்ப்பது என்பதும் வெறும் பேச்சுதான்.

அப்படியானால் மரபணு மாற்றம் எது? அட்லாண்டிக் சால்மன் மீனில் வேறொரு சால்மன் இனத்தின் வளர்ச்சி ஜீனைச் சேர்த்தார்கள். வேறொரு கடல் மீனின் ஜீன் துண்டு அதற்கு சுவிட்ச் மாதிரி. இதனால் மீன் சீக்கிரம் விற்பனை எடைக்கு வந்துவிடும். 2015-இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி தந்தது. ஆனால் பல பெரிய கடைகள் "நாங்கள் விற்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டன. 2024 டிசம்பரில் அந்த நிறுவனம் மீன் வளர்ப்பையே நிறுத்துவதாக அறிவித்தது. நம் நாட்டில் 2010-இல் பி.டி. கத்தரிக்காய் நிறுத்தி வைக்கப்பட்டது நினைவிருக்கும். உணவுக்காக மரபணு மாற்றிய மீனுக்கோ இறாலுக்கோ இங்கே அனுமதி தரப்படவில்லை.

அப்போ பெரியம்மாவின் சந்தேகம் அறியாமையா? நான் அப்படி நினைக்கவில்லை. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழவேற்காடு, சிலிகா ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்றது. பண்ணைக் கழிவு நீரும், குடிநீர் உப்பாவதும்தான் அந்த வழக்கில் பேசப்பட்டவை, ஜீன் அல்ல! ஏரியில் பாடு முறை வைத்து, முறை மாறாமல் வலை போட்டுப் பிழைக்கிற ஜனங்களுக்குத் தண்ணீர் கெட்டால் எல்லாமே கெட்டது.

ஆகவே புதிதாக எந்த இனம் வந்தாலும், அது தேர்ந்தெடுத்ததோ ஜீன் மாற்றியதோ, மூன்று கேள்விகளை நாம் கேட்க வேண்டும். தப்பித்து ஏரிக்குள் போனால் என்ன ஆகும்? கழிவு நீர் எங்கே போகிறது? யார் சோதித்தது?

இவ்வளவையும் பெரியம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஜீனை மாத்தலன்னா சரி கண்ணு, தண்ணிய மாத்தாம இருக்காங்களா?" என்றார்.

இதற்குப் பதில் தேட வேண்டியவர்கள் படிக்கிற நாம்தான்.